காலைப் பிடித்தவர்

மும்பை செம்பூரில் என் வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு மனிதர் இரண்டு வருடத்துக்கு மேல் குப்புறக் கிடந்தார். மரத்தில் செய்த மனிதர். அவருடைய வலது கை மணிக்கட்டோடு அறுபட்டிருந்தது. அறுக்கச் சொன்னவன் நான்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவரைக் காட்டி, அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளுக்கு ஸ்பானியர்கள் செய்த அக்கிரமங்களை விளக்குவேன். கொடுத்த காபி ஆறிப்போகும்வரை விளக்குவேன். அலமாரிக்கு மேலே ஒரு சின்ன விளக்குகூடப் பொருத்தியிருந்தேன். வந்தவர்கள் அடடா என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். இன்று அதை நினைக்கும்போது வருகிற கோபத்துக்கு வேறு யாராவது அகப்பட்டால் தேவலை. யாரும் அகப்படவில்லை.

நான் பிறந்தது தாராவியில். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர் என் அப்பா. எங்கள் சந்தின் முனையில் ஒரு குருசடி உண்டு. கம்பிக் கதவு போட்ட, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடம் நிறைந்துவிடுகிற சின்னக் கிறிஸ்தவக் கோயில். உள்ளே புனிதர் சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வாளை ஓங்கியபடி இருப்பார். குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கும். அதன் அடியில் ஒரு ஆள் விழுந்து கிடப்பார். கறுத்த உடம்பு, இடுப்பில் ஒரு முழத் துணி. அவருடைய வலது கை குதிரையின் பின்னங்காலைச் சுற்றிப் பிடித்திருக்கும். எல்லாமே ஒரே மரத்தில் செதுக்கியது. ஊரிலிருந்து சாக்கில் சுற்றி ரயிலில் வந்தது என்பார்கள்.

சந்தில் அவர்களுக்கு மேலவர், கீழவர் என்று பெயர். மெழுகுவத்தி மேலவருக்கு, எண்ணெய் கீழவருக்கு. பரீட்சை, கல்யாணம், வளைகுடா விசா எல்லாம் மேலவரிடம் போகும். சாரத்திலிருந்து விழுந்தவன், மெஷினில் விரலைக் கொடுத்தவன், போலீஸில் அடி வாங்கியவன், புருஷனிடம் அடி வாங்கியவள், இவர்கள் கீழவரிடம் போவார்கள். ஜூலை மாதத் திருவிழாவில் அவர் முதுகில் தேங்காயெண்ணெய் தேய்த்து, வழிந்ததைக் கிண்ணத்தில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் வலியில் தேய்த்துக்கொள்வார்கள். எந்தப் பாதிரியாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் அல்ல.

என் அக்கா இன்றும் அதே சந்தில் இருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் பிளாஸ்டிக் பிரிக்கும் வேலைக்குப் போனதால்தான் நான் மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போக முடிந்தது. அவளுடைய மகன் வாலிப வயதில் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து விழுந்தான். பிழைத்தான், ஆனால் இடது கால் சரியாகவில்லை. இப்போது குர்லாவில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை பார்க்கிறான். கீழவரின் எண்ணெய்தான் அவனை நடக்க வைத்தது என்பது அக்காவின் தீர்மானம். வருடாவருடம் அந்தக் கிண்ணம் அவளுக்கு வேண்டும். தீர்ந்துபோனால் அவள் முகமே மாறிவிடும்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். எனக்குப் பிடித்த பாடம், ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குள் புகுந்ததும் அங்கிருந்த மக்கள் அவர்களை எதிர்த்ததும். ஸ்பெயினில் இந்தச் சந்தியாகப்பர் வானத்திலிருந்து வெள்ளைக் குதிரையில் வந்து மூர்களை வெட்டினார் என்று ஒரு நம்பிக்கை. அங்கே குதிரையின் காலடியில் கிடப்பவன் மூர். அதே குதிரை, அதே வாள் கடல் தாண்டிப் போனதும் காலடியில் கிடப்பவன் செவ்விந்தியன் ஆனான். கிராமத்தின்மேல் பாயும்போது சிப்பாய்கள் போட்ட கூச்சலே ‘சந்தியாகோ’ என்பதுதான். எங்கள் கடற்கரைக்கு அந்தக் குதிரை போர்த்துகீசியர்களோடு வந்தது. காலடியில் யாரைச் செதுக்குவது என்று ஆசாரிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் தன் ஆளையே செதுக்கிவிட்டான்.

எதிர்த்தவர்களைப் பற்றி நடத்தும்போது என் குரல் தழுதழுக்கும். சிலியின் தெற்கே மாப்புச்சே மக்கள் எதிரியின் குதிரையில் ஏறவே கற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் போரிட்டு, ஓர் ஆற்றுக்கு இப்பால் வராதே என்று ஸ்பானியர்களை நிறுத்தினார்கள். பெருவின் மலை மக்களிடம் வேறு விதமான எதிர்ப்பு இருந்தது. துப்பாக்கிச் சத்தத்தோடு வந்த சந்தியாகப்பருக்குள் தங்கள் இடித் தெய்வத்தை ஒளித்துவைத்துக் கும்பிட்டார்கள். பாதிரிமார்கள் ஊர் ஊராகப் போய்ச் சாமிக் கற்களைத் தேடி உடைத்தார்கள், முன்னோர்களின் உடல்களை எரித்தார்கள். உடைத்த கற்களை ஓரிடத்தில் பாலத்திலிருந்து ஆற்றில் வீசினார்கள், மக்கள் அந்தப் பாலத்தில் நின்று தண்ணீரைக் கும்பிட்டார்கள். இன்னும் சில ஊர்களில், கல்லை இழந்த தெய்வங்கள் இனி மனிதர்களுக்குள்ளேயே இறங்கும் என்றார்கள். இறங்கின. ஆட்கள் நடுங்கி ஆடினார்கள், ஸ்பானியர் கொடுத்த சோறும் துணியும் பெயரும் வேண்டாம் என்றார்கள்.

இத்தனையும் தெரிந்தவன் நான். நான் பிறந்த சந்தில் வருடாவருடம் எண்ணெயும் கிண்ணமுமாக நடந்துகொண்டிருந்தது இதேதான் என்பது மட்டும் தெரியவில்லை. தெரியாதது என்ன, பார்க்கவே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு வருடம் திருவிழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அக்கா அப்போது ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்த நான் விடவில்லை. நீங்கள் கும்பிடுவது ஒரு கொலையின் படம் என்றேன். மிதிக்கிறவருக்கு மாலை போடுகிறீர்கள், மிதிபடுகிறவனோ காலைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் தலையாட்டி, “ஆமா, காலைப் பிடிச்சிருக்காருல்லா” என்றாள். என் பேச்சு எடுபடுகிறது என்று நினைத்தேன்.

பேச்சு முடிந்ததும் குருசடிக் கமிட்டியின் இளைஞன் வந்தான். நல்ல பையன், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். மிரண்டு போயிருந்தான்.

“சார், நமக்கு இதெல்லாம் மாலூமே இல்ல. யாராச்சும் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போட்டா பெரிய லஃப்டா ஆயிரும். மேலவரை எடுத்தா லேடீஸ் நம்மளைக் கொன்னுருவாங்க. கீழ உள்ள ஆளை மட்டும் எடுத்துட்டா?”

நான் யோசித்தேன். அதுதான் கேவலம். யோசிக்காமல் சொல்லியிருந்தால் அவசரப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யோசித்து, சரி என்றேன். கொன்றவரை வாளோடும் குதிரையோடும் அப்படியே விட்டுவிட்டு, கொல்லப்படுகிறவனை அப்புறப்படுத்தச் சம்மதித்தேன். அப்போது அது நாகரிகமான ஏற்பாடாகத் தெரிந்தது. அக்கா திரும்பி வருவதற்குள் முடித்துவிடுங்கள் என்று சொன்னதும் நானே.

தச்சர் அறுக்கும்போது உடல் கழன்றுவிட்டது, கை வரவில்லை. விரல்கள் குதிரையின் காலோடு ஒன்றாக இருந்தன. விரலை எடுத்தால் கால் ஒடியும், குதிரையே சாயும் என்றார் தச்சர். மணிக்கட்டில் அறுக்கச் சொன்னேன். மிச்சமிருந்த கைமேல் வெள்ளைப் பெயிண்ட் பூசினோம், காலில் ஒரு முடிச்சுப் போலத் தெரிந்தது. உடலை என்ன செய்ய என்று கேட்டார். இது வரலாறு, குப்பையில் போடக் கூடாது, என்னிடம் இருக்கட்டும் என்றேன். டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஊர் ஊராகப் போய்ச் சாமிக் கற்களை உடைத்த பாதிரிகள்கூட, உடைத்ததை வரவேற்பறையில் வைத்து விளக்குப் போட்டதாக நான் படித்ததில்லை.

ஊரிலிருந்து வந்த அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. சந்துப் பெண்கள் தேங்காய் நாரை வைத்து வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், அந்தக் கைக்கே எண்ணெய் தேய்க்கிறார்கள் என்று கமிட்டிப் பையன் சொன்னான். எனக்குச் சுவாரசியமாக இருந்தது. பழைய கல்லூரி நண்பர்களோடு தாதரில் சாப்பிடப் போனபோது அதை ஒரு செய்தியாகச் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா நேரில் வந்தாள். அவளோடு நாலைந்து பெண்கள். ஒருத்தி தூக்குச் சட்டியில் எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். அலமாரியில் அவரைப் பார்த்ததும் அக்கா முதலில் விளக்கை அணைத்தாள்.

“ஏல, நீ இவரை என்னன்னு நெனச்ச?”

அடிபட்டவன், உயிருக்காகக் காலைப் பிடிக்கிறான் என்றேன்.

“காலைப் பிடிக்கான்னா? ஒங்க காலேஜுல பெரியாளுவ காலைப் பிடிப்பியளே, அப்படியா?”

பெண்கள் சிரித்தார்கள். வேறு எப்படி என்று கேட்டேன். குரலில் ஆசிரியத்தனம் இருந்தது, எனக்கே கேட்டது.

“அந்தக் குதிரை ஏன் காலைத் தூக்கிக்கிட்டு அப்படியே நிக்கு? எறக்கி ஒரு எட்டு வச்சா மொத்தச் சந்தும் நசுங்கிப் போவும். அவரு கெடந்த கெடையில எட்டிப் பிடிச்சிருக்காரு. விட மாட்டேங்காரு. அதனாலதாம்ல நிக்கு.” அவள் மூச்சு வாங்கினாள். “இப்பம் வெறுங்கைதாம் பிடிச்சிருக்கு. ஆள் இல்லாத கை எத்தன நாளைக்குப் பிடிக்கும், நீயே சொல்லு.”

காலைப் பிடிப்பது என்றால் கெஞ்சுவது என்று எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்திருந்தது. ஏன் என்றும் தெரியும். துறைத் தலைவர் பதவிக்கு, இந்தக் குடியிருப்புச் சொசைட்டியில் வீடு கிடைப்பதற்கு, மகனின் அட்மிஷனுக்கு, நான் அந்த அர்த்தத்திலேயே வாழ்ந்தவன். காலைப் பிடித்து நிறுத்துகிற வேலையும் உலகத்தில் உண்டு. மாப்புச்சே மக்களுக்கு அந்த அர்த்தத்தைத் தாராளமாகக் கொடுத்தேன். என் அக்காவுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் யோசித்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். எடுத்தவன் கொண்டுவந்து வைக்கட்டும் என்றாள் அக்கா. டாக்ஸியில் அனுப்புகிறேன் என்றேன்.

“டாக்ஸி வேண்டாம். தோள்ல தூக்கிட்டு நடந்து வா. சந்து பாக்கணும்.”

என் வயது, முழங்கால், அந்தஸ்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் மூடநம்பிக்கை என்ற சொல்லையும் சொன்னேன். அவள் கீழவர் முதுகில் எண்ணெய் தேய்த்தாள். கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு போனாள்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார்கள். சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, தூக்குச் சட்டியோடு வந்தார்கள். புத்தகங்களில் எண்ணெய் வழிந்தது. சொசைட்டி செயலாளர் லிஃப்டில் என்னை நிறுத்தி, எந்த மாதிரி ஆட்கள் இங்கே வந்துபோகிறார்கள் என்று மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டார். நான் அவர் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். என் சொந்த அக்காவை. பெண்கள் திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து சத்தமாக ஜெபமாலை சொன்னார்கள். மழை வந்ததும் பிளாஸ்டிக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னார்கள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்கள். அதற்கடுத்ததும்.

அந்த மாதங்களில்தான் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை, யாரை எங்கே அனுப்புவார்கள் என்று ஆளுக்கொரு பேச்சு. கதவுகளில் எண்கள் ஏறின. ஒருநாள் பகலில் அக்கா மகன் என் வீட்டுக்கு வந்தான். கேட்டில் அவனை நிறுத்த என்னிடமிருந்து உத்தரவு இல்லை. ரயிலேறி இறங்கி வந்ததில் கால் வலித்திருக்க வேண்டும், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மாமா, குருசடிச் செவுத்துல செகப்புப் பெயிண்டால கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. காலையிலேருந்து அம்மா உள்ளயே உக்காந்திருக்கா. சாப்புட மாட்டேங்கா.”

அவளுக்கு என்மேல் அவ்வளவு கோபமா என்று கேட்டேன். எல்லாம் என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று அப்போதும் ஒரு நினைப்பு.

“கோவம் இல்ல மாமா, பயம். குதிரை எறங்கிரும்னு சொல்லுதா. அந்தக் கைக்குமேல தன் கையை வச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நானும் மாத்திப் பிடிக்கேன்னேன். ஒனக்குக் காலு முடியாது, நீ போன்னுட்டா.”

கல்லை இழந்த தெய்வங்கள் மனிதர்களுக்குள் இறங்கியதை எத்தனையோ வருடம் பாடம் நடத்தி, அதில் பரீட்சைக் கேள்வியும் கேட்டவன் நான். எழுந்து கீழவரை அலமாரியிலிருந்து எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சயான் வரை டாக்ஸியில்தான் போனேன். அங்கே இறங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மருமகன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான், கை கொடுக்க வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றேன். மழை விடவில்லை. தொண்ணூறடி ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர், சாச்சா, யாரைப் புதைக்கப் போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். முழங்கால் வலி உயிரை எடுத்தது. வலியில் பக்தி ஒன்றும் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செயலாளர்மேல், சிவப்புக் கோடு போட்டவர்கள்மேல், வாளோடு கப்பலேறியவர்கள்மேல், எல்லார்மேலும் வந்து, கடைசியில் தோளில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்த என் நல்ல சட்டைமேல்கூட வந்தது.

சந்துக்குள் நுழைந்தபோது பெண்கள் வாசல்களில் நின்றார்கள். அக்கா குருசடிக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள், கை குதிரையின் காலில் இருந்தது. என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

“நல்லா நனைஞ்சிட்டாரு. துண்டு எடுங்கட்டி.”

துண்டு வந்தது. அவரை மடியில் வாங்கித் தலை, முதுகு, அறுந்த மணிக்கட்டு என்று துடைத்தாள். நான் சொட்டச் சொட்ட வாசலில் நின்றேன். அந்தத் துண்டு என் பக்கம் வரவில்லை.

தச்சரை அழைத்து வந்தார்கள். இன்னொரு பெண் வந்து குதிரையின் காலைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அக்கா கையை எடுத்தாள். ரம்பம் தின்ற இடத்தில் இடைவெளி இருந்தது, தச்சர் சின்ன மரத்துண்டை வைத்துக் கையையும் உடலையும் இணைத்தார். கமிட்டிப் பையன் என்னைப் பார்த்துச் சங்கடமாக, சார் ரெண்டு வார்த்தை பேசுறீங்களா என்றான்.

“அவன் பேசுனது போதும்” என்றாள் அக்கா.

நான் அவள் பக்கத்தில் போய், தப்பு செய்துவிட்டேன் என்றேன். தெரியும் என்றாள். மன்னிப்பு என்று ஏதோ கிடைக்கும் என நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பேசினாள்.

“நாளைக்கு அளக்குறவனுவ திரும்ப வாரானுவ. இங்கிலீசுலயும் இந்தியிலயும் என்னத்தையோ சொல்லுதானுவ. நீ வந்து பேசு. அதுக்குத்தான ஒன்னைப் படிக்க வச்சேன்.”

“என்ன பேசணும்க்கா?”

“குருசடி நகராதுன்னு சொல்லு. கோவமாச் சொல்லு. ஆனா எங்களைப் பத்தி ஒண்ணும் வெளக்காத.”

மறுநாள் போனேன். வந்தவர்களில் ஓர் அதிகாரி என் ஆங்கிலத்தைக் கேட்டதும் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். இந்தச் சிலையின் முக்கியத்துவம் என்ன, எத்தனை பழமையானது, நீங்கள் விளக்கினால் மேலிடத்துக்கு எழுத உதவியாக இருக்கும் என்றார். ஸ்பெயின், பெரு, கடற்கரை, ஆசாரி, எல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்து நின்றன. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், அவரும் அடடா என்றிருப்பார். எனக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள்.

நகராது என்றேன்.

ஏன் என்று கேட்டார். நகராது என்றேன் மறுபடியும், சந்துக்கே கேட்கிற மாதிரி. அவர் தன் ஆட்களைப் பார்த்து, பெரியவருக்கு விஷயம் புரியவில்லை, பிறகு வரலாம் என்று மராத்தியில் சொன்னார். மராத்தி எனக்கு நன்றாகவே தெரியும். புரியாதவனாகவே உட்கார்ந்திருந்தேன்.